இரண்டாவது இடி

ஓசூர்–கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் 108 ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளராக இருக்கிறேன். மார்கழி, தை மாதத்துப் பனி மூடிய விடியற்காலைகளில் நான் பார்த்தவரை, வண்டிகள் மோதும் முதல் இடியில் தப்பித்துக் கீழே இறங்கி நின்றவர்களைத்தான் பின்னால் வந்த வண்டி அடித்துவிடுகிறது.

ஒரு தை மாதம், சூளகிரிக்குப் பக்கத்தில், மணி ஐந்தரை இருக்கும். முன்னால் போன வேனை ஒரு கார் லேசாக இடித்து, பம்பர் மட்டும் நசுங்கியிருந்தது. கார்க்காரர் இறங்கி, செல்போன் டார்ச்சை அடித்துக் குனிந்து பார்த்திருக்கிறார். பின்னாலேயே லாரி வந்துவிட்டது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அந்த டார்ச் தாரில் கிடந்து எரிந்துகொண்டே இருந்தது. குழந்தைக்கு வாந்தி வந்ததால் அவர் மனைவி இடதுபக்கக் கதவு வழியாக இறங்கி, இரும்புத் தடுப்பைத் தாண்டிக் கூட்டிப் போயிருந்தார். அவர்கள் இருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 22 மீட்டர். பனியில் 50 மீட்டர்தான் தெரிகிறது என்றால், ஓட்டுநருக்குக் கிடைப்பது இரண்டு நொடி சொச்சம். ஏதோ நிற்கிறது என்று புரிந்து கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே ஒன்றரை நொடி போய்விடும். மிச்ச தூரத்தில் சரக்கு லாரி நிற்காது.

அதனால் வண்டி நகரும் நிலையில் இருந்தால் சாலையில் நிறுத்தவே வேண்டாம். பஞ்சர் ஆனாலும் மெதுவாக உருட்டிக்கொண்டு பெட்ரோல் பங்க், சுங்கச்சாவடி, சர்வீஸ் ரோடு என்று எங்காவது ஒதுங்குங்கள். டயர் கிழிந்தால் வேறு வாங்கிக்கொள்ளலாம். வழியே இல்லையென்றால் வெள்ளைக்கோட்டுக்கு வெளியே, முடிந்தவரை இடது ஓரத்தில் நிறுத்துங்கள்.

நின்றதும் நாலு இண்டிகேட்டரையும் போடுங்கள். ஆனால் பனியில் ஓடும்போதே அதைப் போட்டுக்கொண்டு வருகிறார்கள் பலர். தயவுசெய்து வேண்டாம். எல்லா வண்டியும் மினுக்கினால், எது நிற்கிறது, எது ஓடுகிறது என்று பின்னால் வருபவருக்கு எப்படித் தெரியும்?

அப்புறம், வண்டி நிற்கிறது என்று பின்னால் வருபவருக்குக் காட்ட வைக்கும் அந்தச் சிவப்பு முக்கோணம். பல கார்களில் அது உறை பிரிக்காமல் ஸ்டெப்னிக்கு அடியில் கிடக்கிறது. பனியில் அதை வண்டிக்குப் பின்னால் 100 மீட்டராவது தள்ளி வைக்க வேண்டும். ஏறக்குறைய 130 தப்படி. தடுப்புக்கு வெளியே நடந்து போங்கள், முக்கோணத்தை எதிரே வரும் வண்டிகளுக்குத் தெரியும்படி முன்னால் பிடித்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பாக நடக்க இடமில்லை என்றால் அதை விட்டுவிடுங்கள். லாரிக்காரர்கள் மரக்கிளையை ஒடித்துப் போடுவார்கள், கல்லையும் வைப்பார்கள். கிளை பனியில் தெரியாது. கல்லை எடுக்காமல் போய்விட்டால் அடுத்து வரும் பைக்காரர் அதில் விழுவார். அப்படி விழுந்தவர்களையும் தூக்கியிருக்கிறேன்.

எல்லோரும் இடதுபக்கமாக இறங்கித் தடுப்புக்கு அப்பால் போய்விடுங்கள். வண்டிக்கு முன்னால் நிற்காதீர்கள், பின்னால் இடித்தால் அது உங்கள் மேல்தான் வரும். நடுச் சாலையில் மாட்டிக்கொண்டு, இறங்கினால் ஆபத்து என்றால், பெல்ட்டைக் கழற்றாமல் உள்ளேயே இருங்கள்.

பிறகு 108-க்கோ நெடுஞ்சாலை உதவிக்கான 1033-க்கோ பேசுங்கள். 'கிருஷ்ணகிரி தாண்டி ஒரு பாலம்' என்றால் பனியில் எங்களால் தேட முடியாது. ஓரத்துக் கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணையும், ஓசூர் போகும் பக்கமா, கிருஷ்ணகிரி போகும் பக்கமா என்பதையும் சொல்லுங்கள். எதிர்ப்பக்கம் வந்துவிட்டால் அடுத்த திருப்பம் வரை போய்த்தான் நாங்கள் திரும்பி வர முடியும்.