கழித்தலில் யாரும் கடன் வாங்குவதில்லை

தொடக்கப் பள்ளிக் கணக்கைச் சொல்லித்தர அந்தக் கணக்கைப் போடத் தெரிந்தால் போதும் என்ற எண்ணத்தோடுதான் மாணவ ஆசிரியர்கள் பலரும் என் பயிற்சி வகுப்புக்கு வருகிறார்கள். கரும்பலகையில் 52 − 27 = 35 என்று எழுதி, ஒரு குழந்தை இப்படிச் செய்திருந்தால் என்ன சொல்வீர்கள் என்று கேட்பேன். “கடன் வாங்க மறந்துவிட்டது” என்பதே பெரும்பாலும் வரும் பதில்.

அந்தக் குழந்தை எதையும் மறக்கவில்லை. பெரியதிலிருந்துதான் சிறியதைக் கழிக்க வேண்டும் என்று முன்பு கற்ற விதியை ஒவ்வோர் இலக்கத்துக்கும் தனித்தனியே பொருத்தி, 7-இலிருந்து 2-ஐயும் 5-இலிருந்து 2-ஐயும் கழித்திருக்கிறது. இதைக் கவனிக்காமல் மேலும் பத்துக் கணக்குகளைக் கொடுத்தால், தவறான விதிதான் மேலும் வேரூன்றும். பத்துப் பத்தாகக் கட்டிய ஐந்து குச்சிக்கட்டுகளில் ஒன்றைப் பிரித்து, நான்கு கட்டுகளும் பன்னிரண்டு உதிரிக் குச்சிகளும் சேர்ந்தாலும் அதே 52-தான் என்று அது கண்ணால் காண வேண்டும். (திருப்பித் தரவே போவதில்லை என்னும்போது இதைக் கடன் என்பது எனக்கு என்றுமே உடன்பாடில்லை.)

பின்னத்தில் நிலைமை இன்னும் கடினம். 1¾ ÷ ½ என்பதற்கு ஒரு வாழ்க்கைக் கணக்கு எழுதச் சொன்னால், பலர் இரண்டு பேருக்குப் பங்கிடுகிறார்கள். அது இரண்டால் வகுப்பது, அரையால் வகுப்பது அல்ல. கணிதக் கல்வி ஆய்வாளர் லிப்பிங் மா 1999-இல் வெளியிட்ட ஆய்வில் இதே வகுத்தலைப் போடச் சொன்னபோது 72 சீன ஆசிரியர்களும் சரியான விடை கண்டார்கள்; 23 அமெரிக்க ஆசிரியர்களில் பாதிப்பேர்கூடக் காணவில்லை. இத்தனைக்கும் சீன ஆசிரியர்கள் படித்த ஆண்டுகள் குறைவு.

ஒன்றே முக்கால் மீட்டர் துணியில் அரை மீட்டர்த் துண்டுகள் எத்தனை என்று கேட்டால் பொருள் விளங்கிவிடும். மூன்று துண்டுகள் போகக் கால் மீட்டர் மிஞ்சும். விடை மூன்றேகால் ஆகாமல் மூன்றரை ஆவது ஏன் என்ற கேள்விக்குத்தான் வகுப்பு அமைதியாகிறது. மிஞ்சிய காலை மீட்டரோடு ஒப்பிடாமல் அரை மீட்டர்த் துண்டோடு ஒப்பிட்டால் அது பாதித்துண்டு என்பதை அவர்களே பேசிக் கண்டுபிடிக்கும்வரை, எவ்வளவு நேரமானாலும், “தலைகீழாக்கிப் பெருக்கு” என்ற வாய்ப்பாட்டை நான் அனுமதிப்பதில்லை.

வண்ண அட்டைகளும் துணைக்கருவிகளும் இருக்கட்டும். பாடக்குறிப்பு எழுதுவதற்கு முன், அந்தப் பாடத்தில் குழந்தைகள் செய்யக்கூடிய மூன்று தவறுகளையும் ஒவ்வொன்றின் பின்னுள்ள யோசனையையும் எழுதித் தரக் கேட்கிறேன். முதல் மாதத்தில் அந்தத் தாளில் “கவனக்குறைவு” என்ற ஒரே சொல்தான் திரும்பத் திரும்ப வருகிறது.