வர்ச்சுவல் மெமரி – மெய்நிகர் நினைவகம்

விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் பழைய வீட்டுக் கணினியில் நாலைந்து மென்பொருள்களைச் சேர்ந்தாற்போல் திறந்தால், கடிகாரத்துக்குப் பக்கத்தில் 'வர்ச்சுவல் மெமரி குறைவாக இருக்கிறது' என்று ஓர் அறிவிப்பு எழும். ஹார்ட் டிஸ்க் விளக்கு அணையாமல் எரியும், சொடுக்கிய சாளரம் பாதி வரையப்பட்டு நிற்கும். ரேம் பழுதாகிவிட்டதோ, வைரஸோ என்று பயப்பட வேண்டாம். 'வர்ச்சுவல் மெமரி' என்ற சொல்லைப் புரிந்துகொண்டால் பாதிக் கோளாறு பிடிபட்டுவிடும்.

'வர்ச்சுவல்' என்பதன் வேர் லத்தீன் மொழியின் 'விர்ட்டூஸ்'. ஆற்றல், திறம் என்று பொருள். அதிலிருந்து, வடிவில் இல்லாவிட்டாலும் பயனில் அதுவாகவே இருப்பது என்ற பொருள் ஆங்கிலத்தில் வளர்ந்தது. வேகமான சிறிய நினைவகத்தோடு மெதுவான சேமிப்பின் இடத்தையும் சேர்த்து ஒரே பெரிய நினைவகம்போல் பயன்படுத்துவதுதான் கணினியில் வர்ச்சுவல் மெமரி. இந்த ஏற்பாட்டை முதலில் செய்துகாட்டியது, டாம் கில்பர்ன் தலைமையில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1962-இல் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினி. அவர்கள் அதற்கு வைத்த பெயர் 'ஒற்றை நிலைச் சேமிப்பு'. வேகமான சிறிய நினைவகமும் மெதுவான பெரிய உருளைச் சேமிப்பும் நிரலுக்கு ஒன்றாகவே தெரிந்ததால் அந்தப் பெயர்.

தமிழில் மாய நினைவகம், தோற்ற நினைவகம் என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். இரண்டும் எனக்கு உடன்பாடில்லை. மாயம் என்றால் இல்லாததை இருப்பதாகக் காட்டுவது. இங்கே தரவு உண்மையாகவே ஓரிடத்தில் இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் (ஆங்கிலத்தில் 'தமிழ் வர்ச்சுவல் அகாடமி') பெயரில் இதே 'வர்ச்சுவல்' இணையம் ஆனது. அங்கே அது பொருந்தும், இங்கே பொருந்தாது. மெய்நிகர் நினைவகம்தான் சரி. தொல்காப்பிய உவமவியல் அடுக்கும் உவம உருபுகளில் 'நிகர்ப்ப'வும் ஒன்று. நிகர் என்று சொன்ன மாத்திரத்தில் இரண்டும் வேறு வேறு, பயனில் ஒத்தவை என்பது தமிழ்க் காதுக்கு விளங்கிவிடும்.

நடப்பதும் அதுதான். இயங்குதளம் நினைவகத்தை வழக்கமாக 4 கிலோபைட் பக்கங்களாகப் பிரிக்கிறது. ரேம் நிரம்பும்போது, சற்று நேரமாகத் தொடாத பக்கங்களை ஹார்ட் டிஸ்க்கில் உள்ள பேஜ்ஃபைல்.சிஸ் என்ற மறைகோப்புக்கு நகர்த்திவிட்டு, தேவைப்படும்போது திரும்ப எடுத்துவருகிறது. பலர் அந்தக் கோப்பையே வர்ச்சுவல் மெமரி என்கிறார்கள். கோப்பு அதன் ஒரு பகுதி மட்டுமே. ரேமும் பக்கக் கோப்பும் சேர்ந்ததுதான் மென்பொருள்களுக்குப் பங்கிடக்கூடிய மொத்த அளவு; அந்த வரம்பை நெருங்கும்போதுதான் எச்சரிக்கை வருகிறது.

எக்ஸ்பி வழக்கமாக ரேமின் ஒன்றரை மடங்கைத் தொடக்க அளவாகவும் மூன்று மடங்கை உச்ச அளவாகவும் வைக்கும். 512 எம்பி ரேம் என்றால் 768, 1536. இதை மாற்ற 'மை கம்ப்யூட்டர்' மீது வலது க்ளிக், 'ப்ராப்பர்ட்டீஸ்', 'அட்வான்ஸ்ட்', 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியின் 'செட்டிங்ஸ்', மறுபடி 'அட்வான்ஸ்ட்', கடைசியாக 'சேஞ்ச்'. 'கஸ்டம் சைஸ்' தேர்ந்து இரண்டு பெட்டியிலும் ஒரே எண்ணைக் கொடுத்தால், கோப்பு நீண்டு சுருங்கித் துண்டு துண்டாவது குறையும். எண்ணை எழுதியதும் 'செட்' பொத்தானை அழுத்துங்கள். அதை விட்டுவிட்டு 'ஓகே' கொடுத்தால் மாற்றம் ஏறாது. நிறையப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். வட்டில் காலி இடம் இல்லாவிட்டால் எந்த எண்ணும் உதவாது என்பதால், முதலில் தேவையற்ற கோப்புகளை நீக்கிவிடுங்கள். பிந்தைய விண்டோஸ்களில் அளவைக் கணினியிடமே விட்டுவிடுவது நல்லது.

அளவைக் கூட்டிய பிறகும் சில மணி நேரத்தில் எச்சரிக்கை திரும்பினால், ஏதோ ஒரு மென்பொருள் வாங்கிய நினைவகத்தைத் திருப்பித் தரவில்லை என்று சந்தேகப்படலாம். இதற்கு நினைவகக் கசிவு என்று பெயர். டாஸ்க் மேனேஜரின் 'ப்ராசசஸ்' பட்டியலில் 'விஎம் சைஸ்' என்ற நெடுவரிசையையும் சேர்த்துக்கொண்டு, எதன் எண் இறங்காமல் ஏறிக்கொண்டே போகிறது என்று பாருங்கள். அந்த மென்பொருளை மூடித் திறந்தால் தற்காலிகமாகச் சரியாகும், புதிய பதிப்பு இருந்தால் நிறுவிவிடுங்கள்.

எச்சரிக்கை நின்றும் வேகம் திரும்பாமல் போகலாம். ரேமில் ஒரு தரவை எடுக்க நானோ நொடிகள் போதும். சுழலும் வட்டுக்கு மில்லி நொடிகள் வேண்டும். நாள் முழுக்க விளக்கு எரிந்தபடியே இருக்கும் கணினிக்குக் கோப்பின் அளவைக் கூட்டிப் பயனில்லை, மதர்போர்டு ஏற்கும் வகையில் கூடுதல் ரேம்தான் போட வேண்டும்.