இலவசக் காப்புரிமைத் தேடுதளங்கள்: எதில் எதைத் தேடுவது?

காப்புரிமை என்பது கண்டுபிடித்தவருக்கும் அரசுக்கும் இடையிலான ஒரு கொடுக்கல் வாங்கல். கண்டுபிடித்தவர் தம் நுட்பத்தை ஒளிவுமறைவின்றி எழுதித் தர வேண்டும். அதற்கு ஈடாக, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்குப் பிறர் அதைச் செய்வதையும் விற்பதையும் தடுக்கும் உரிமை அவருக்குக் கிடைக்கிறது. எழுதித் தந்த அந்த விவரம் பொதுமக்கள் பார்வைக்கு வர வேண்டும் என்பது இந்த ஏற்பாட்டின் மறுபாதி. 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், 11ஏ பிரிவில், விண்ணப்ப நாள் அல்லது முன்னுரிமை நாள் (அதே கண்டுபிடிப்புக்கு முதன்முதலில் விண்ணப்பித்த நாள்), இவற்றில் முந்தியதிலிருந்து 18 மாதம் கழிந்ததும் விண்ணப்பத்தை வெளியிட வேண்டும் என்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் வரும் காப்புரிமை அலுவலக இதழில் அது வெளியாகிறது. பிறகு இணையத்தில் யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் படிக்கலாம். பட்டறை வைத்திருப்பவரும், பொறியியல் மாணவரும், மூலிகை மருந்து தயாரிப்பவரும் விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே பயன்படுத்திக்கொள்ள வேண்டிய வசதி இது. ஆனால் பலரும் ஏதோ ஒரு தளத்தில் இரண்டு சொல்லைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் வரவில்லை, நம்முடையது புதியதுதான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஒவ்வொரு தளமும் ஒரு வேலைக்கு நல்லது, இன்னொன்றுக்குப் போதாது. அந்த வேறுபாடு தெரிந்தால்தான் தேடலுக்குப் பயன் உண்டு.

இந்தியாவில் ஒரு காப்புரிமை உயிரோடு இருக்கிறதா என்ற கேள்விக்குப் பார்க்க வேண்டிய இடம் இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இன்பாஸ் தளம்தான். வெளியான விண்ணப்பங்களையும் வழங்கப்பட்ட காப்புரிமைகளையும் இதில் தனித்தனியாகவோ சேர்த்தோ தேடலாம். தலைப்பு, சுருக்கம், முழு விவரக்குறிப்பு, விண்ணப்பதாரர் பெயர், வகைப்பாட்டுக் குறியீடு எனப் பல கட்டங்கள் உண்டு. திரை பழைய பாணியில் இருக்கும், ஒவ்வொரு தேடலுக்கும் படத்தில் தெரியும் எழுத்துகளைத் தட்டச் சொல்லும், சில நேரம் பொறுமையைச் சோதிக்கும். ஆயினும் வேறு எங்கும் எளிதில் கிடைக்காத ஒன்று இங்கே இருக்கிறது. விண்ணப்ப எண்ணைத் தட்டி, விண்ணப்ப நிலையைத் திறந்து, ஆவணங்களைப் பார்க்கும் பொத்தானை அழுத்தினால், பரிசோதகர் அனுப்பிய முதல் பரிசோதனை அறிக்கை, அதற்கு விண்ணப்பதாரர் எழுதிய பதில், கடைசியில் கட்டுப்பாட்டாளர் தந்த உத்தரவு ஆகியவற்றைப் படிக்கலாம். உங்கள் துறையில் ஏற்கெனவே வந்த இரண்டு மூன்று விண்ணப்பங்களின் அறிக்கைகளைப் படித்தாலே, பரிசோதகர்கள் எதை ஆட்சேபிக்கிறார்கள் என்பது விளங்கிவிடும். புதிதாக விண்ணப்பிப்பவருக்கு இதைவிட நல்ல பாடம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

உலக அளவில் முதல் பார்வைக்குக் கூகுள் பேட்டன்ட்ஸ் எளிது. 2006இல் தொடங்கிய இத்தளம் இன்று 100க்கும் மேற்பட்ட காப்புரிமை அலுவலகங்களின் ஆவணங்களைத் தொகுத்து வைத்திருக்கிறது. சீன, ஜப்பானிய, ஜெர்மன் ஆவணங்களை இயந்திர மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்தில் காட்டுகிறது. முறையான தேடல் சூத்திரம் தெரியாதவரும் சாதாரண வாக்கியத்தைத் தட்டித் தொடங்கலாம். ஆனால் காப்புரிமை நடப்பில் உள்ளதா, காலாவதியா என்று அது காட்டும் குறிப்பை நம்பி முடிவெடுக்கக் கூடாது. அது ஓர் ஊகமே என்றும் சட்ட முடிவல்ல என்றும் அத்தளமே எச்சரிக்கிறது. இந்திய ஆவணங்கள் வெளிநாட்டுத் தளங்களுக்குத் தாமதமாகவோ குறையாகவோ போய்ச் சேர்வதும் உண்டு. எனவே கூகுளில் இல்லை என்பது இந்தியாவில் இல்லை என்பதற்குச் சான்றாகாது.

முறையாக உட்கார்ந்து தேடுவதற்கு ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 1998 முதல் நடத்திவரும் எஸ்பேஸ்நெட் தளத்தையே நான் பரிந்துரைப்பேன். 15 கோடிக்கும் மேற்பட்ட ஆவணங்கள் அதில் உள்ளன. ஒரே கண்டுபிடிப்புக்கு எந்தெந்த நாட்டில் விண்ணப்பம் போயிருக்கிறது என்பதைக் 'குடும்பம்' என்ற தலைப்பில் ஒரே பக்கத்தில் காட்டுவது அதன் பெரிய பலம். காப்புரிமை நாட்டுக்கு நாடு தனித்தனியானது என்பதால், அமெரிக்காவில் உரிமை இருக்கும் ஒரு பொருளுக்கு இந்தியாவில் யாரும் விண்ணப்பிக்கவே இல்லை என்பது இந்தப் பக்கத்தில் தெரியவரலாம். அதன்பின் இன்பாஸில் சரிபார்ப்பது எளிது.

எஸ்பேஸ்நெட்டின் இன்னொரு பலம் வகைப்பாட்டுத் தேடல். காப்புரிமை ஆவணங்களில் சொல்லை மட்டும் நம்பித் தேடுவது ஆபத்து. மஞ்சளையே எடுத்துக்கொள்வோம். ஒருவர் மஞ்சளின் ஆங்கிலப் பெயரை எழுதியிருப்பார், இன்னொருவர் தாவரவியல் பெயரை மட்டும் எழுதியிருப்பார். ஜப்பானிய ஆவணத்தில் சொல்லே வேறு. ஆனால் மஞ்சள் இனத்தைச் சேர்ந்த மருந்துத் தயாரிப்புகளுக்கு ஏ61கே 36/9066 என்ற குறியீடு உண்டு. எந்த மொழியில் எழுதப்பட்டிருந்தாலும் பரிசோதகர்கள் அந்த ஆவணத்தை இந்தக் குறியீட்டின் கீழ்தான் சேர்த்திருப்பார்கள். குறியீடு தெரியாதவர் செய்யக்கூடியது இதுதான்: தம் கண்டுபிடிப்புக்கு நெருக்கமான ஓர் ஆவணத்தைச் சொல்லால் தேடிப் பிடித்து, அதன் முதல் பக்கத்தில் உள்ள குறியீட்டைக் குறித்துக்கொண்டு, அதைக் கொண்டு மறுபடி தேட வேண்டும். முதல் தேடலில் அகப்படாத பலவும் இரண்டாம் தேடலில் வந்து விழும்.

மஞ்சளைச் சொன்னதும் அதன் வழக்கையும் சொல்ல வேண்டும். காயம் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு, 1995 மார்ச்சில் அமெரிக்காவில் 5,401,504 என்ற எண்ணில் காப்புரிமை வழங்கப்பட்டது. இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் மறுபரிசோதனை கேட்டு, பழைய சமஸ்கிருத நூலையும் இந்திய மருத்துவச் சங்க இதழில் 1953இல் வந்த கட்டுரையையும் சான்றாக வைத்தது. 1997இல் அதன் உரிமைக்கோரல்கள், அதாவது எதற்கு உரிமை கேட்கப்படுகிறது என்று வரையறுக்கும் வாசகங்கள், நிராகரிக்கப்பட்டன. அந்த எண்ணைத் தட்டினால் பழைய ஆவணம் இன்றும் முழுதாகத் திறக்கும். ஆவணம் கண்ணில் படுவதாலேயே உரிமை உயிரோடு இருக்கிறது என்று பொருளல்ல. இப்படிப்பட்ட வழக்குகளின் விளைவாக 2001இல் தொடங்கப்பட்ட பாரம்பரிய அறிவு மின்னணு நூலகத்தில் சித்த மருத்துவ நூல்களின் குறிப்புகளும் சேர்க்கப்பட்டுள்ளன. ஆனால் அது காப்புரிமைப் பரிசோதகர்களுக்காக அமைக்கப்பட்டது, இங்கே சொல்லும் மற்றத் தளங்களைப் போல எல்லாருக்கும் திறந்ததல்ல. பாரம்பரிய அறிவு சார்ந்தவற்றுக்கு இந்தியச் சட்டத்தின் 3(p) பிரிவு காப்புரிமை மறுக்கிறது என்பதையும் மூலிகைத் துறையினர் நினைவில் கொள்வது நல்லது.

உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பின் பேட்டன்ட்ஸ்கோப் தளத்தை நம்மவர்கள் அதிகம் திறப்பதில்லை. திறக்க வேண்டும் என்பதற்கு அழுத்தமான காரணம் உண்டு. ஒரே விண்ணப்பத்தின் மூலம் பல நாடுகளில் உரிமை கேட்க வழிசெய்யும் பன்னாட்டு ஒப்பந்தவழி விண்ணப்பங்கள் வியாழக்கிழமைதோறும் அங்கே வெளியாகின்றன. அப்படி விண்ணப்பித்தவர் முன்னுரிமை நாளிலிருந்து 31 மாதம் வரை அந்த விண்ணப்பத்தை இந்தியாவுக்குள் கொண்டுவரலாம். பன்னாட்டு வெளியீடு 18ஆம் மாதம் நடப்பதால், இடைப்பட்ட ஓராண்டுக்கும் மேலான காலத்தில் பேட்டன்ட்ஸ்கோப்பில் இருக்கும் ஒரு விண்ணப்பம் இன்பாஸில் இல்லாமலே இருக்கக்கூடும். இன்பாஸை மட்டும் பார்த்துவிட்டு இயந்திரத்தில் பணம் போட்டவர், பின்னால் ஓர் உரிமையாளர் வந்து நிற்பதைக் காண நேரிடும். ஒவ்வொரு விண்ணப்பத்தின் ஆவணப் பகுதியிலும் பன்னாட்டுத் தேடல் அறிக்கை இருக்கும். அதில் மேற்கோள் காட்டிய ஒரு முந்தைய ஆவணத்துக்கு எதிரே 'எக்ஸ்' என்றிருந்தால், அந்த ஒன்றே கண்டுபிடிப்பின் புதுமையையோ புத்தாக்கப் படியையோ (துறை அறிந்தவருக்கு எளிதில் தோன்றாத முன்னேற்றத்தையோ) குலைக்கும் என்று பரிசோதகர் கருதுகிறார். 'ஒய்' என்றால் வேறொன்றோடு சேரும்போது குலைக்கும். 'ஏ' என்றால் பின்னணித் தகவல் மட்டுமே.

அமெரிக்க ஆவணங்களை நுணுக்கமாகத் தேட, அந்நாட்டு அலுவலகம் 2022இல் கொண்டுவந்த பொதுத் தேடுதளம் இருக்கிறது. ஆய்வுக் கட்டுரைகளையும் காப்புரிமைகளையும் இணைத்துப் பார்க்க விரும்பும் கல்லூரி ஆய்வாளர்களுக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து இயங்கும் லென்ஸ் தளம் உதவும்.

எந்தத் தளமானாலும், கிடைத்த ஆவணத்தில் தலைப்பையும் படத்தையும் பார்த்துவிட்டு மூடிவிடக் கூடாது. உரிமையின் எல்லை உரிமைக்கோரல்களில் இருக்கிறது. பஜாஜ் நிறுவனத்தின் 195904 எண் காப்புரிமையின் தலைப்பு, நான்கு வீச்சு முறையில் இயங்கும் மேம்பட்ட எஞ்சின் என்று மட்டுமே சொல்கிறது. உரிமைக்கோரலைப் படித்தால்தான், சிலிண்டர் துளையின் விட்டம் 45 முதல் 70 மில்லிமீட்டருக்குள் இருக்கும் எஞ்சினில் இரண்டு ஸ்பார்க் பிளக்குகள் என்ற வரையறை தெரியும். டிவிஎஸ் நிறுவனத்தோடு சென்னை உயர்நீதிமன்றத்தில் நடந்து, 2009இல் உச்சநீதிமன்றம் வரை சென்ற வழக்கு இந்தக் காப்புரிமையை வைத்துத்தான்.

உரிமை காலாவதி என்று தெரிந்தாலும் ஒரு படி மீதமிருக்கிறது. புதுப்பிப்புக் கட்டணம் கட்டாமல் காலாவதியான காப்புரிமையை, அந்த நாளிலிருந்து 18 மாதத்துக்குள் மீட்டெடுக்க விண்ணப்பிக்கலாம். ஆகவே இன்பாஸின் மின்பதிவேட்டில் காலாவதியான தேதியையும் பார்த்த பிறகே உற்பத்தியைத் தொடங்க வேண்டும். ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும் நுட்பத்துக்கு எவரோ உரிமை கேட்டிருப்பது தேடலில் தெரியவந்தால், காப்புரிமை வழங்கப்படுவதற்கு முன் எவரும் 25(1) பிரிவின் கீழ் எழுத்து மூலம் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். 2024 விதித் திருத்தத்துக்குப் பிறகு இதற்குக் கட்டணம் உண்டு. வழங்கப்பட்ட பிறகு என்றால், வழங்கப்பட்ட செய்தி இதழில் வெளியானதிலிருந்து ஓராண்டுக்குள், அதில் நலன் தொடர்புடையவர் மட்டுமே எதிர்க்க முடியும்.

கடைசி 18 மாதத்தில் கொடுக்கப்பட்ட விண்ணப்பங்களில் பெரும்பாலானவை எந்தத் தளத்திலும் தெரியாது. இதற்கு மாற்று வழி இல்லை. மறுபடி தேடுவது ஒன்றுதான் வழி. தேடிய நாள், தளம், சொற்கள், குறியீடுகள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, இந்தியாவில் விண்ணப்பித்தபின் வெளிநாட்டில் விண்ணப்பிக்கக் கிடைக்கும் 12 மாத அவகாசம் முடிவதற்குள் அதே தேடலை இன்னொரு முறை நடத்திவிட்டு, அதற்குப் பிறகு அந்தச் செலவைச் செய்வதா வேண்டாமா என்று முடிவெடுக்கலாம்.