அப்பாவின் டிரங்குப் பெட்டியும் லேமினேஷன் கடையும்

பழைய காகிதங்களையும் புகைப்படங்களையும் சீர்செய்வது என் தொழில். பாளையங்கோட்டையில் என்னிடம் வருவது பெரும்பாலும் பத்திரம், ஜாதகம், கல்யாண ஆல்பம். இப்போது இஸ்ரோவில் ஓய்வுபெற்றவர்களின் வீட்டு டிரங்குப் பெட்டிகளும் வருகின்றன. இஸ்ரோவின் ராக்கெட் எஞ்சின் சோதனை மையமுள்ள மகேந்திரகிரி பக்கத்தில் இருப்பதால் பணகுடி, வள்ளியூர், காவல்கிணறு பக்கம் இப்படி வீடுகள் அதிகம். பெங்களூரில் செயற்கைக்கோள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்களும் உண்டு.

நம் விண்வெளித் தொலைநோக்கி ஆஸ்ட்ரோசாட் 2015 செப்டம்பர் 28 அன்று பி.எஸ்.எல்.வி.யில் ஏறிப் போனது. அந்த ராக்கெட்டின் இரண்டாம் கட்டத்துக்கான விகாஸ் எஞ்சினை நெருப்பு மூட்டிச் சோதிப்பது மகேந்திரகிரியில்தான். இப்படிப்பட்ட வேலைகளின் அறிக்கைகள் அலுவலகத்தில் இருக்கும். ஏன் ஒரு வடிவமைப்பைக் கைவிட்டார்கள், கூட்டத்தில் யார் முரண்டு பிடித்தார் என்பதெல்லாம் டைரி ஓரத்துக் கிறுக்கலில்தான் கிடக்கும்.

பாசத்தில்தான் இவற்றைக் கெடுக்கிறோம். "அண்ணாச்சி, லேமினேஷன் போட்டா நூறு வருசம் நிக்கும்லா?" என்று ஒருவர் அப்பாவுக்கு வந்த ஃபேக்ஸை நீட்டினார். பழைய ஃபேக்ஸ் பலவும் சூடுபட்டால் கறுக்கும் தெர்மல் காகிதம். லேமினேஷன் உருளைக்குள் போனால் தாள் முழுக்கக் கரிதான். நல்ல காகிதத்துக்கும் அது வேண்டாம்; ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிரிக்கப் படாதபாடு படவேண்டும். செலோடேப்பும் அப்படியே, பசை மஞ்சளாகி எழுத்துக்குள் இறங்கிவிடும். அமோனியா பிரிண்ட், அதாவது அமோனியா ஆவியில் நகலெடுத்த வரைபடத்தைச் சட்டம் போட்டு வெயில்படும் சுவரில் மாட்டினால் கோடுகள் வெளிறிப்போகும். ஸ்கேன் எடுத்து அந்தப் பிரதியை மாட்டுங்கள்.

அப்புறம், குரூப் போட்டோ. அம்மாவோ அப்பாவோ இருக்கும்போதே பெயர்களைக் கேட்டுவிடுங்கள். படத்தின் பின்னால் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் முன்பக்கம் தடம் விழும். தனித்தாளில் இடமிருந்து வலமாக எழுதிப் படத்தோடு வைத்தால் போதும்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் தரையிலிருந்த பெட்டிகள்தான் முதலில் நனைந்தன. அதற்காக மொட்டைமாடிக்குக் கீழே பரணில் ஏற்றாதீர்கள், சூடு ஆகாது. உள்ளறை பீரோவின் நடுத்தட்டு போதும். நனைந்து ஒட்டிய படங்களைக் காயவிட்டுப் பிரித்தால் முகம் உரிந்து வந்துவிடும். ஈரத்தோடு சுத்தமான தண்ணீரில் ஊறவைத்து மெல்லப் பிரியுங்கள். அன்றைக்கே முடியாதென்றால் பாலித்தீன் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டு யாரையாவது கேளுங்கள்.

அலுவலக முத்திரையோ ரகசியக் குறியோ உள்ள தாள் கிடைத்தால் எடைக்குப் போடாதீர்கள், வாட்ஸ்அப்பிலும் போடாதீர்கள். அவர் வேலை பார்த்த அலுவலகத்துக்கே எழுதிக் கேளுங்கள்.