ஆக்டிவிஸ்ட்: ஆர்வலரா, போராளியா, செயற்பாட்டாளரா?

நம் செய்தித்தாள்களுக்கு ஆக்டிவிஸ்ட் என்றாலே ‘சமூக ஆர்வலர்’தான். கடலூரில் ஏரியைத் தூர்வாரச் சொல்லி ஆட்சியர் அலுவலகத்துக்கு நடையாய் நடப்பவரும் சமூக ஆர்வலர், வீட்டில் உட்கார்ந்து வாரம் ஓர் அறிக்கை விடுபவரும் சமூக ஆர்வலர். ஆர்வலர் நல்ல பழைய சொல்தான், 71ஆம் குறளில் வள்ளுவர் அன்புடையவரை அப்படித்தான் சொல்கிறார். ஆனால் அதில் ஆசை இருக்கிறது, வேலை இல்லை.

ஆக்டிவிஸ்ட் என்பதன் லத்தீன் வேருக்குச் செய்தல், இயக்குதல் என்று பொருள். ஆங்கிலத்தில் அரசியல் சொல்லாக இது 1915 வாக்கில் வந்தது, அதுவும் யாரைக் குறித்து என்றால், முதல் உலகப் போரில் ஸ்வீடன் நடுநிலையை விட்டுவிட்டு ஜெர்மனி பக்கம் சேர வேண்டும் என்று கேட்டவர்களை! இன்று போர் வேண்டாம் என்று பதாகை பிடிப்பவருக்கும் அதே பெயர்.

‘போராளி’யும் (போர் + ஆளி) சரியாகத்தான் இருந்தது. ரொம்ப நாள் அது ஈழத்தில் ஆயுதம் எடுத்தவர்களை நினைவுபடுத்தியது, அப்புறம் ‘முகநூல் போராளி’ என்று கிண்டலாகிவிட்டது. ஷேர் பண்ணிவிட்டுத் தூங்கப் போகிறவருக்கு அது பொருத்தம்தான், ஆனால் எல்லோரும் அப்படியா?

2015 வெள்ளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடலூருக்கு வந்த நிவாரண வண்டிகள் பல மெயின் ரோட்டிலேயே காலியாகிவிட, உள்ளே தண்ணீருக்கு நடுவே இருந்த ஊர்களுக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை. “இங்கே சோறு போதும், அனுப்பாதீங்க, போர்வையும் கொசுவத்தியும்தான் வேணும்” என்கிற மாதிரி வாட்ஸ்அப்பில் போட்டு, வண்டியை வழிமறித்து உள்ளே திருப்பிவிட்ட பையன்களையும் பெண்களையும் என்னவென்று சொல்வது? ‘ஒருங்கிணைப்பாளர்’ எனலாம், ஆனால் அது இப்போது கட்சிப் பதவியின் பெயர். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடியவர்கள் கட்சிக்காரர்களையே ஒதுக்கி வைத்தார்கள், அந்தப் பெயரைக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்களா!

என் ஓட்டு ‘செயற்பாட்டாளர்’ பக்கம். செயல் + பாடு + ஆளர், ல் என்பது ற் ஆகிறது, செயல்பாட்டாளர் என்று பிரித்து எழுதினாலும் குடி மூழ்காது. இலங்கைத் தமிழர்கள் ‘மனித உரிமைச் செயற்பாட்டாளர்’ என்று சாதாரணமாக எழுதுகிறார்கள், லத்தீன் வேருக்கும் இதுவே பக்கம். நேரில் இறங்கி வேலை செய்பவரைத் தனியாகச் சொல்ல வேண்டுமானால் களப்பணியாளர். களம் என்றால் போர்க்களம் மட்டுமில்லை, நெல்லடிக்கும் இடமும் களம்தான். தொல்காப்பியம் வெற்றியைப் பாடும் வாகைத்திணையில் ஏரோர் களவழியையும் (உழவரின் நெற்களம்) தேரோர் களவழியையும் (தேர்வீரரின் போர்க்களம்) சேர்த்தே வைக்கிறது.

பெண்ணென்றால் என்ன எழுதுவது என்று கேட்கிறார்கள். அதே செயற்பாட்டாளர்தான், ‘ஆளர்’ இருபாலுக்கும் பொது.