மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒன்பது பாஸ்வேர்ட்

மலேசியாவில் பகாவ் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்ட அலுவலகம். பெரிய கிராணியின் (தலைமை எழுத்தரின்) மேசைக் கண்ணாடிக்கு அடியில் முருகன் படம், மகளின் பட்டமளிப்புப் படம், அவற்றுக்கு நடுவே ஒரு தாள். தாளில் ஒன்பது வரிகள்: செக்ரோல் (ஆட்களின் வருகை, கூலிப் பதிவேடு), உரக் கிடங்கு, ஆலையில் லாரி எடை, விடுப்பு, எம்எஸ்பிஓ (மலேசியச் செம்பனை எண்ணெய்ச் சான்றிதழ்) தணிக்கைப் பத்திரங்கள் என்று ஒவ்வொரு செயலிக்கும் ஒரு பெயர், ஒரு பாஸ்வேர்ட்.

ஏன் இப்படி என்று கேட்டேன். “தைப்பூசத்துக்கு நான் பத்துமலை போயிட்டா செக்ரோல் யாரு போடுறது தம்பி? ஏழாம் தேதிக்குள்ள ஆளுங்களுக்குச் சம்பளம் போயாகணுமே” என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தோட்டத்து ஆட்களுக்குச் சம்பளம் தள்ளிப்போகக்கூடாது என்ற அக்கறையில் எழுதி வைத்த தாள் அது.

ஆனால் அதே அலுவலகத்தில் வேலையை விட்டுப்போய் நான்கு மாதமான ஒரு கிராணியின் பெயரில் அன்றுவரை செக்ரோல் பதிவாகிக்கொண்டிருந்தது. யாரும் திருடவில்லை. அவர் கணக்குக்கு அனுமதி அதிகம் என்பதால் மற்றவர்கள் அதையே பயன்படுத்தி வந்தார்கள். அவர் போன அன்று ஒன்பது இடத்தில் கணக்கை மூடியிருக்க வேண்டும். மூடியது இரண்டில் மட்டும். நாளைக்கு ஒரு தொழிலாளியின் கூலி குறைந்தால் யாரைக் கேட்பது? 2025 ஜூன் முதல், பெரிய பாதிப்பு தரக்கூடிய தனிநபர் தரவுக் கசிவு நடந்தால் 72 மணி நேரத்துக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும் என்பது மலேசியச் சட்டம். யார் உள்ளே போனார் என்றே தெரியாத இடத்தில் என்னவென்று தெரிவிப்பது?

சிங்கிள் சைன்-ஆன், அதாவது ஒரே உள்நுழைவில் எல்லாச் செயலியையும் திறக்கும் முறை, வேண்டும் என்று நான் நிர்வாகத்திடம் வாதாடியதற்கு முதல் காரணம் இதுதான். பாஸ்வேர்டை நினைவு வைக்கும் தொல்லை குறைவது கூடவே வரும் லாபம்.

அது வேலை செய்யும் விதம் தோட்டத்துக்காரர்களுக்குச் சுலபமாகப் புரியும். குலை ஏற்றிய லாரி ஆலைக்குப் போகும்போது தோட்டத்துக் கையெழுத்துப் போட்ட சீட்டு கூடவே போகிறது. வாசலில் இருப்பவர் சீட்டைப் பார்த்து உள்ளே விடுகிறார், டிரைவரின் பூர்வீகத்தை விசாரிப்பதில்லை. இங்கேயும் அப்படித்தான். உள்நுழைவு சர்வர் ஒன்றுதான் உங்கள் பாஸ்வேர்டைப் பார்க்கும். பார்த்துவிட்டு, ‘இவர் இன்னார்’ என்று மின்கையொப்பம் இட்ட சீட்டைச் செயலிக்கு அனுப்பும். 2005இல் வந்த சாம்ல் 2.0, 2014இல் வந்த ஓப்பன்ஐடி கனெக்ட் இரண்டும் அந்தச் சீட்டை எழுதும் முறைகள். புதிய செயலி என்றால் ஓப்பன்ஐடி கனெக்ட் கேளுங்கள், பழையது பெரும்பாலும் சாம்ல்தான் பேசும். சர்வருக்கு நாங்கள் கீக்ளோக் என்ற மென்பொருளைப் போட்டோம், உரிமக் கட்டணம் இல்லை. ஏற்கெனவே மைக்ரோசாஃப்ட், கூகுள் சந்தா கட்டும் நிறுவனம் அதிலேயே செய்துகொள்ளலாம்.

மென்பொருள் இரண்டு வாரத்தில் ஓடத் தொடங்கிவிட்டது. பெயர்ப் பட்டியலுக்குத்தான் இரண்டு மாதம் பிடித்தது. நம் பெயர்களில் ஏ/எல் (இன்னாரின் மகன்), ஏ/பி (இன்னாரின் மகள்) என்று நடுவில் ஒரு சாய்கோடு வரும். அலுவலகப் பயனர்களின் பட்டியலை வைத்திருக்கும் விண்டோஸ் ஆக்டிவ் டைரக்டரியின் பயனர் பெயரில் சாய்கோடு போட முடியாது. ஒரு செயலியில் கோட்டோடும், இன்னொன்றில் கோடில்லாமலும், மூன்றாவதில் அப்பா பெயரே இல்லாமலும் ஒரே ஆள் மூன்று ஆளாக இருந்தார். ஒரே பெயரில் இரண்டு பேரும் இருந்தார்கள். சரி, ஐசி (அடையாள அட்டை) எண்ணை வைத்துவிடலாமே என்று யோசனை வந்தது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்த 12 இலக்கத்தில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம். திரையில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் வைக்கிற எண் இல்லை அது.

மின்னஞ்சலும் வேண்டாம். ‘கிராணி1’ என்ற முகவரி இன்றைக்கு ஒருவருக்கு, அடுத்த வருடம் இன்னொருவருக்கு. முகவரியை அடையாளமாக வைத்தால் புதியவர் முதல்முறை உள்ளே போகும்போதே பழையவரின் கோப்புகள் திறந்து நிற்கும். ஒரு முறை கொடுத்தால் வேறு யாருக்கும் திரும்பக் கொடுக்காத ஊழியர் எண்ணை வைத்தோம்.

எடை மேடையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். செயலியைப் புதிய முறைக்கு மாற்றிய மறுநாள் காலை யாராலும் உள்ளே போக முடியவில்லை. வாசலில் ஏழு லாரிகள். வெட்டிய குலை காத்திருக்கக் காத்திருக்க எண்ணெயில் அமிலம் ஏறும், தரம் இறங்கும். பாஸ்வேர்ட் சரி, சீட்டின் மின்கையொப்பச் சான்றிதழ் சரி. பதிவேட்டை வரிவரியாகப் படித்தபோதுதான் புரிந்தது. சீட்டில் எந்த நேரத்திலிருந்து எந்த நேரம்வரை செல்லும் என்று எழுதியிருக்கும். ஆலை சர்வரின் கடிகாரம் ஏழு நிமிடம் பின்தங்கியிருந்தது. அதன் கணக்கில் எங்கள் சீட்டுகள் எல்லாம் இன்னும் நடப்புக்கு வராத சீட்டுகள். நேரத்தை இணையத்தோடு தானாகச் சரிபார்த்துக்கொள்ளும்படி வைத்தேன், லாரி நகர்ந்தது. மாற்றுவதற்கு முன்பே நான் பார்த்திருக்க வேண்டிய விஷயம் அது. கையொப்பச் சான்றிதழுக்கும் முடிவுத் தேதி உண்டு. அது முடிகிற நாளில் எல்லாச் செயலியும் ஒன்றாக நின்றுவிடக்கூடும் என்பதால் தேதியை மூன்று பேரின் நாள்காட்டியில் போட்டிருக்கிறேன்.

ஒரே கணினியை ஐந்து பேர் பயன்படுத்தும் அலுவலகமாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஒருவர் விடுப்புச் செயலியில் ‘வெளியேறு’ அழுத்திவிட்டு எழுந்து போகிறார். அந்தச் செயலி மூடிவிட்டது, உள்நுழைவு சர்வரில் அவர் இன்னும் உள்ளேதான் இருக்கிறார். அடுத்து உட்காருபவர் செக்ரோலைத் திறந்தால் பாஸ்வேர்ட் கேட்காமலே முன்னவர் பெயரில் திறக்கும். அதனால் பொதுக் கணினிகளில் பிரௌசரை மூடினாலே எல்லாம் அழிகிற மாதிரி வைத்தோம். பத்து நிமிடம் கை படாமல் இருந்தால் திரை பூட்டிக்கொள்ளும். சம்பளச் செயலி மட்டும் ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்ட் கேட்கும்.

இப்போது ஒரு சாவி எல்லாக் கதவையும் திறக்கிறது. அதனால் இரண்டாவது சரிபார்ப்பைக் கட்டாயமாக்கினோம். எஸ்எம்எஸ் எண்ணை நம்பினால் காட்டுக்குள் லைன் கிடைக்காது. கைப்பேசிச் செயலியில் 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் எண்ணுக்கு லைனே தேவையில்லை, கைப்பேசியின் நேரம் சரியாக இருந்தால் போதும். மண்டோர்கள் (வேலை மேற்பார்வையாளர்கள்) ஒரு காலையிலேயே பழகிக்கொண்டார்கள்.

உள்நுழைவு சர்வரே படுத்துவிட்டால்? ஆலைக்கும் சம்பளத்துக்கும் தலா ஓர் அவசரக் கணக்கு, சர்வரைச் சாராமல் நேரடியாகத் திறப்பது. பாஸ்வேர்டை உறையில் போட்டு ஒட்டி மேலாளரின் இரும்புப் பெட்டியில் வைத்தோம். உறையைப் பிரித்தால் யார், எப்போது, எதற்கு என்று எழுத வேண்டும். அப்புறம் பாஸ்வேர்டை மாற்றி வேறு உறை. போன மழையில் லைன் போனபோது ஒருமுறை பிரித்தோம், லாரி காத்திருக்கவில்லை.

ஆரம்பிக்க நினைப்பவர்கள் விடுப்புச் செயலியில் தொடங்குங்கள். சம்பளத்தைக் கடைசியில் தொடுங்கள், மாதத்தின் முதல் வாரத்தில் தொடவே வேண்டாம். இபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் காப்பீடு) தளங்கள் வெளியே உள்ளவை, உங்கள் சர்வரோடு சேராது. அவற்றின் பாஸ்வேர்டுகளுக்குத் தனியாக ஒரு பாஸ்வேர்ட் பெட்டகம் (பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் மென்பொருள்) வாங்கிக்கொடுங்கள்.

பெரிய கிராணி விடுப்பில் போனால் இப்போது அவர் வேலை சின்னக் கிராணிக்கு, சின்னக் கிராணியின் சொந்தப் பெயரிலேயே மாறுகிறது, பெரியவர் திரும்பி வந்ததும் விலகுகிறது. தாளிலிருந்த ஒன்பதில் எட்டு சேர்ந்துவிட்டன. உரக் கிடங்கு மட்டும் பாக்கி, அந்தப் பழைய மென்பொருளுக்குச் சாம்லும் தெரியாது, ஓப்பன்ஐடியும் தெரியாது. ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது அதைச் சேர்த்துத் தர வேண்டும் என்று விற்றவர்களிடம் எழுத்தில் கேட்டிருக்கிறோம். பதில் வரும்வரை அந்த ஒரு வரி பூட்டிய அலமாரியில் இருக்கிறது.