கனடா வாத்துக்கு ரொட்டி போடாதீர்கள்

பிரிட்டனில் பூங்காக் குளங்களின் நீர்ப்பறவைகளைக் கவனிப்பது என் வேலை. “இந்த வாத்துகளைப் பிடித்து வேறெங்காவது கொண்டுபோய் விடக் கூடாதா?” என்று அடிக்கடி கேட்கிறார்கள். கழுத்து கறுப்பு, தாடையில் வெள்ளைப் பட்டை கொண்ட கனடா வாத்துகளைத்தான் சொல்கிறார்கள்.

அப்படிக் கொண்டுபோய் விட்டதால்தான் இத்தனை பெருகின. 17-ஆம் நூற்றாண்டில், இரண்டாம் சார்லஸ் மன்னர் காலத்தில், லண்டன் செயின்ட் ஜேம்ஸ் பூங்காவில் அழகுக்காக வளர்த்த பறவை இது. நெடுங்காலம் மாளிகைக் குளங்களை அண்டியே வாழ்ந்தது. பயிர் நாசமாகிறது என்று புகார் எழ, 1950, 60-களில் அவற்றை வளைத்துப் பிடித்துப் புதுக் குளங்களில் விட்டார்கள். போன இடமெல்லாம் பெருகின. 1953 கணக்கெடுப்பில் சில ஆயிரம். இன்று லட்சத்துக்கும் மேல்.

இந்தப் பெருக்கத்தைக் குறைக்க, வசந்தத்தில் நாங்கள் கூடு தேடிப் போவோம். 1981-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, உரிம நிபந்தனைக்கு உட்பட்டே முட்டையைத் தொட முடியும். ஒருவர் சீறிவரும் ஆண் வாத்தைத் தடுக்க, மற்றவர் முட்டையை வாளித் தண்ணீரில் விடுவார். மிதந்தால் உள்ளே குஞ்சு வளர்ந்துவிட்டது. துடைத்துத் திரும்ப வைத்துவிடுவோம். மூழ்கினால் லிக்விட் பாரஃபின் என்ற எண்ணெயைத் தடவுவோம். ஓட்டின் நுண்துளைகள் அடைபட்டு, கரு வளராது. முட்டையை எடுத்துவிட்டால் தாய் மறுபடி இடும். எண்ணெய் தடவி வைத்தால் அதன் மேலேயே உட்கார்ந்திருக்கும். வெதுவெதுப்பான முட்டையைக் கையிலெடுக்கும்போது இன்றும் மனசு கனக்கிறது.

இது மட்டும் போதாது. வளர்ந்த வாத்து இருபது ஆண்டுக்கு மேலும் வாழக்கூடியது. குளத்துத் தீவின் புதரில் நம் கண்ணுக்குத் தப்பிய ஒரே கூட்டிலிருந்து ஐந்தாறு குஞ்சுகள் இறங்கிவரும்.

அவற்றை இங்கே இருத்துவது கரைதான். ஜூன், ஜூலையில் சிறகு உதிர்ந்து, மூன்று நான்கு வாரம் பறக்க முடியாது. அப்போது வேண்டியது ஒட்ட வெட்டிய புல்லும், ஆபத்தென்றால் சட்டென்று இறங்கத் தண்ணீரும். இரண்டுக்கும் நடுவில் நாணலும் உயர்ந்த புல்லும் அடர்ந்துவிட்டால், மறைவில் நரி இருக்குமோ என்று அந்த இடத்தை நம்பாது. ஆனால் பக்கத்திலேயே ரொட்டி விழுந்துகொண்டிருந்தால் இந்த ஏற்பாடெல்லாம் வீண். ரொட்டிக்குக் கூட்டம் சேரும்; வாத்துகளின் எச்சம் தண்ணீரில் கரைந்து பாசி பிடிக்கும்.

கரையில் புல் வெட்டாமல் கிடக்கிறதே என்று புகார் எழுதுகிறவர்களுக்கு: அதை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறோம். தயவுசெய்து வளர விடுங்கள்.